ஆக்குபேஷனல் தெரபி உதவியாளர் படிப்பு: பணம் கட்டும் முன்

பிளஸ் டூ ரிசல்ட் வரும் மாதத்தில் கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறை பக்கத்துப் பெற்றோர் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "ஓ.டி. அசிஸ்டென்ட் கோர்ஸ் ஆறு மாசத்துல முடிச்சுடலாமாமே மேடம், பொண்ணைச் சேர்த்து விடவா?" கையில் ஒரு வண்ண நோட்டீஸ் இருக்கும்.

முதலில் அந்த நோட்டீசைக் கவனமாகப் படியுங்கள். நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் ஓ.டி. என்றால் ஆபரேஷன் தியேட்டர். "ஓ.டி. டெக்னீஷியன்" என்று போட்டிருந்தால் அநேகமாக அது அறுவைச் சிகிச்சைக் கருவிகளையும் மயக்க மருந்து இயந்திரத்தையும் தயார் செய்யும் வேலைக்கான படிப்பு. நல்ல வேலைதான், ஆனால் வேறு வேலை. மருத்துவம் சார்ந்த படிப்புகளை ஒழுங்குபடுத்த 2021-ல் வந்த தேசிய ஆணையச் சட்டமும் இந்த இரண்டையும் தனித்தனிப் பிரிவுகளில்தான் வைத்திருக்கிறது. சேர்ந்து ஒரு மாதம் கழித்து விஷயம் தெரிந்து, கட்டிய பணத்தைத் திரும்ப வாங்க முடியாமல் நிற்கும் குடும்பங்கள் உண்டு.

சரி, நோட்டீஸில் முழுப் பெயரே போட்டிருக்கிறது, அது ஆக்குபேஷனல் தெரபிதான் என்று வைத்துக்கொள்வோம். அது என்ன வேலை? பக்கவாதம் வந்து வலது கை விழுந்துபோன ஒரு திருபுவனம் பட்டு நெசவாளரை எடுத்துக்கொள்வோம். கைக்கு அசைவும் பலமும் வரவைக்கப் பிசியோதெரபி பாடுபடும். அந்தக் கையை வைத்துச் சட்டை போடவும், சோறு பிசையவும், கழிப்பறை போய் வரவும், முடிந்தால் மறுபடி தறியில் உட்காரவும் பழக்குவது எங்கள் வேலை. கை முழுதாகத் திரும்பாவிட்டாலும் இவற்றை எப்படிச் செய்வது என்று வழி தேடுவதும் இதில் சேர்த்திதான். இது புதுப் படிப்பு என்று விளம்பரம் செய்கிறார்கள். புதிதல்ல. 1950-லேயே மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் கமலா நிம்ப்கர் இதற்கான பயிற்சிப் பள்ளியைத் தொடங்கிவிட்டார். 1952-ல் ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகளின் உலகக் கூட்டமைப்பு உருவானபோது அதைத் தொடங்கிய நாடுகளில் இந்தியாவும் ஒன்று. டெல்டாவுக்குள் மெதுவாக வந்தது, அவ்வளவுதான்.

இதில் தெரபிஸ்ட் வேறு, உதவியாளர் வேறு. நோயாளியைப் பரிசோதித்து மதிப்பிடுவது, இலக்கு வைப்பது, எந்தப் பயிற்சி எந்த அளவு என்று திட்டம் போடுவது எல்லாம் தெரபிஸ்டின் பொறுப்பு. அந்தத் திட்டத்தை நாள்தோறும் நோயாளியோடு நின்று நடத்துவதும், என்ன நடந்தது என்று திருப்பிச் சொல்வதும் உதவியாளரின் பொறுப்பு. கேட்பதற்குச் சின்ன வேலை போலத் தெரியும். ஆனால் தெரபிஸ்ட் வாரத்தில் ஓரிரு முறை பார்க்கும் ஆளை உதவியாளர் தினமும் பார்க்கிறார். பல விஷயங்கள் அவர் கண்ணில்தான் முதலில் படும்.

மூளையின் வலப்பக்கம் பக்கவாதம் வந்த சிலருக்கு இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதே மனதில் பதியாது. கண் நன்றாக இருக்கும், கவனம் மட்டும் அந்தப் பக்கம் போகாது. நம் வழக்கப்படி வாழையிலையின் நுனி சாப்பிடுபவருக்கு இடப்பக்கம் இருக்கும். உப்பு, ஊறுகாய் எல்லாம் அங்கேதான் வைப்போம். பெரியவர் சோற்றின் வலது பாதியைச் சாப்பிட்டுவிட்டு எழப் பார்ப்பார். "மாமாவுக்கு இப்பல்லாம் ஊறுகாயே பிடிக்கிறதில்ல, சோறும் பாதிதான் இறங்குது" என்பார் மருமகள். பயிற்சி பெற்ற உதவியாளர் ஒருவர் அந்த இலையைப் பார்த்தால் போதும். பிடிக்கவில்லை என்றால் அங்கங்கே மிச்சம் இருக்கும். இங்கே கோடு போட்ட மாதிரி இடது பாதி அப்படியே இருக்கிறது. அவர் அதைக் குறித்துக்கொண்டு தெரபிஸ்டிடம் சொல்ல வேண்டும். இது என்ன நோய் என்று குடும்பத்துக்கு விளக்கம் சொல்ல ஆரம்பிக்கக் கூடாது. தெரபிஸ்ட் சோதித்துப் பார்த்துவிட்டு, இலையின் இடது ஓரத்தில் சிவப்பு நாடா ஒன்றை வைத்து, அது கண்ணில் படும்வரை தலையைத் திருப்பிப் பார்க்கப் பழக்கச் சொல்லலாம். ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டிலும் அதைப் பழக்குவது மறுபடி உதவியாளர் வேலை.

அமெரிக்காவில் இதற்குக் கல்லூரியில் சுமார் இரண்டு வருடப் படிப்பு இருக்கிறது. உடற்கூறியல், அசைவியல், வளர்ச்சிப் பருவங்கள், மனநலம் என்று வகுப்பறைப் பாடங்கள் போக, இரண்டாம் கட்டக் களப்பயிற்சி மட்டும் குறைந்தது 16 வாரம் முழுநேரம் செய்ய வேண்டும். அதன் பிறகு தேசியத் தேர்வு, மாநில உரிமம். கனடாவின் ஒன்டாரியோவில் பிசியோதெரபி உதவியாளர் படிப்பும் இதுவும் சேர்ந்த இரண்டு வருட டிப்ளமோவாக நடத்துகிறார்கள். நம் நாட்டில் உதவியாளருக்கென்று அப்படித் தனியாக ஒரு தேசியத் தேர்வோ உரிமமோ கிடையாது. இந்த இடைவெளியில்தான் ஆறு மாதக் கோர்ஸ்கள் முளைக்கின்றன.

ஒரு சின்னக் கணக்குப் போடலாம். மேலே சொன்ன 2021 சட்டம், மருத்துவம் சார்ந்த பணியாளர் என்று ஒருவரைச் சொல்ல, 2 முதல் 4 ஆண்டுகளில் குறைந்தது 2,000 மணி நேரம் படித்த டிப்ளமோ அல்லது பட்டம் வேண்டும் என்கிறது. சுயமாகச் சிகிச்சை அளிக்கும் நிபுணர் என்றால் 3 முதல் 6 ஆண்டுகளில் 3,600 மணி நேரம். வாரத்துக்கு இரண்டு நாள், நாளுக்கு நாலு மணி நேரம் என்று 26 வாரம் நடக்கும் கோர்ஸ் எத்தனை மணி நேரம்? 208. பத்தில் ஒரு பங்கைக் கொஞ்சம் தாண்டுகிறது. சான்றிதழ் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் இந்தக் கணக்கு மாறப்போவதில்லை.

நேரம் ஏன் இவ்வளவு தேவை என்றால், கற்க வேண்டியது பெரும்பாலும் கை சம்பந்தப்பட்டது. ஒரு செயலைப் பிரித்துப் பார்ப்பதில் தொடங்குகிறது. என்னிடம் பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு முதல் வாரம் நான் கொடுப்பது வெற்றிலை போடும் வேலை. போட அல்ல, எழுத. வெற்றிலையை எடுத்துத் துடைக்க வேண்டும், காம்பும் நுனியும் கிள்ள வேண்டும், விரல் நுனியில் சுண்ணாம்பை அளவாக எடுக்க வேண்டும், பின்பக்கம் தடவ வேண்டும், பாக்கு வைத்து மடிக்க வேண்டும். இதில் எந்தப் படிக்கு இரண்டு கை வேண்டும், எதற்குக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர வேண்டும், எங்கே விரல் நுனியின் உணர்ச்சி வேண்டும், எங்கே அளவைத் தீர்மானிக்க வேண்டும் என்று பக்கம் பக்கமாக எழுதுவார்கள். மூளை பாதிப்பில் செயல்களின் வரிசை குழம்பிப்போன ஒருவர் சுண்ணாம்பை நேராக வாய்க்குக் கொண்டுபோகலாம். அப்படியென்றால் அவருக்கு எந்தப் படிவரை தனியாக விடலாம், எங்கே கை நீட்டித் தடுக்கத் தயாராக நிற்க வேண்டும்? இதை யோசிக்கத் தெரிந்த பிறகுதான் தறி, நாற்றுப் பறி, பூக்கட்டு என்று எந்த வேலைக்காரர் வந்தாலும் சமாளிக்க முடியும்.

அடுத்து ஆளை எழுப்பி உட்கார வைப்பது. வீடுகளில் பக்கவாதம் வந்தவரை அக்குளில் கை கொடுத்தோ, விழுந்த கையைப் பிடித்து இழுத்தோ தூக்குகிறார்கள். தசை தளர்ந்த தோள் அந்த இழுப்பைத் தாங்காது, மூட்டு கிண்ணத்தை விட்டு நழுவும், மாதக்கணக்கில் வலி இருக்கும். உதவியாளர் பயிற்சியில் இடுப்புப் பட்டையைப் பிடித்து எழுப்புவதையும், சக்கர நாற்காலியை நல்ல பக்கத்தில் சாய்வாக நிறுத்தி பிரேக் போடுவதையும் திரும்பத் திரும்பச் செய்ய வைப்பார்கள். சட்டை போடும்போது பலவீனமான கை முதலில், கழற்றும்போது அது கடைசியில். படியேறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது பலவீனமான கால் முதலில். காவிரிப் படித்துறையில் மறுபடி இறங்கிக் குளிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவருக்கு இது உயிர் விஷயம். ஆனால் பாசி பிடித்த படித்துறையில் போய்ப் பழக்கலாமா, வீட்டு வாசற்படியோடு நிறுத்தலாமா என்று உதவியாளர் தானாக முடிவெடுக்கக் கூடாது. தெரபிஸ்ட் சொல்ல வேண்டும்.

எல்லாவற்றையும் விடக் கஷ்டமானது காத்திருப்பது. பெரியவர் ஒரு பொத்தானோடு ஐந்து நிமிடம் போராடுவார். பார்த்துக்கொண்டிருக்கும் மகளுக்குப் பொறுக்காது, "விடுங்கப்பா, நான் போட்டு விடுறேன்" என்று வந்துவிடுவார். உதவியாளர் அந்த மகளையும் கொஞ்சம் நிறுத்தி வைக்க வேண்டும், தன் கையையும் நிறுத்தி வைக்க வேண்டும். எவ்வளவு உதவினோம் என்பதற்கு அளவு உண்டு. பரவலாகப் பயன்படும் ஒரு அளவுகோலின்படி, வேலையில் 75 சதவீதமோ அதற்கு மேலோ நோயாளி செய்தால் குறைந்த உதவி, 50 முதல் 74 வரை என்றால் நடுத்தர உதவி, 25 முதல் 49 வரை என்றால் அதிக உதவி. இதை வைத்துத்தான் குறிப்பு எழுத வேண்டும். "இன்று நல்ல முன்னேற்றம்" என்ற குறிப்பால் யாருக்கும் பயனில்லை. "ஐந்து பொத்தானில் மூன்றைத் தானே போட்டார், நாலாவதற்கு வாயால் சொன்னேன், ஐந்தாவதற்குக் கை கொடுத்தேன்" என்று எழுதியிருந்தால் அடுத்த வாரத் திட்டத்தை மாற்ற எனக்கு வழி கிடைக்கும்.

குழந்தைகள் பிரிவும் மனநலப் பிரிவும் களப்பயிற்சியில் இருக்க வேண்டும். மனநலம் என்றதும் "பொம்பளைப் பிள்ளையை அங்கெல்லாம் எதுக்கு" என்று இழுக்கும் பெற்றோருக்கு ஒன்று சொல்வேன்: அதைத் தவிர்த்துவிட்டு இந்தத் தொழிலைக் கற்க முடியாது. அதே நேரத்தில் அவர்கள் கேட்கும் இன்னொரு கவலை நியாயமானது. இது தொட்டுச் செய்யும் வேலை. குளிக்க, உடை மாற்றப் பழக்கும்போது யார் உடனிருக்க வேண்டும், நோயாளியிடம் எப்படிச் சம்மதம் கேட்பது, தனியாக வீட்டுக்குப் போகும்போது என்ன பாதுகாப்பு என்பதைக் கல்லூரி சொல்லித் தருகிறதா என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

கேட்க வேண்டியது இன்னும் இருக்கிறது. பாடம் நடத்தும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் எத்தனை பேர், அவர்களின் பட்டம் எங்கே வாங்கியது? களப்பயிற்சி எந்த ஆஸ்பத்திரியில், அங்கே மேற்பார்வை பார்க்கப்போவது யார்? சிலர் பிசியோதெரபிஸ்ட் ஒருவரைக் காட்டிச் சமாளிக்கிறார்கள். அவர் திறமையானவராக இருக்கலாம், ஆனால் அவர் தொழில் வேறு. எந்தப் பல்கலைக்கழகமோ கவுன்சிலோ அங்கீகரித்தது என்று கேட்டால் "ஐ.எஸ்.ஓ. சர்ட்டிபிகேட் இருக்கு" என்று பதில் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். அது கல்வி அங்கீகாரம் அல்ல. முன்னாள் மாணவர் இருவரின் போன் நம்பர் கேளுங்கள்.

வெளிநாட்டு ஏஜென்டுகள் பற்றியும் ஒரு வார்த்தை. பட்டுக்கோட்டையிலிருந்து நிலத்தை அடகு வைத்துக் கனடாவுக்கு இந்த டிப்ளமோ படிக்க அனுப்பலாமா என்று கேட்கிறார்கள். படிப்பு உண்மையானதுதான், வேலையும் மரியாதையானதுதான். ஆனால் அங்கேயும் அவர் உதவியாளர்தான், தெரபிஸ்டின் மேற்பார்வையில்தான் வேலை செய்ய முடியும். அந்த டிப்ளமோவோடு ஊர் திரும்பி இங்கே தெரபிஸ்டாகப் பதிவு செய்துகொள்ள முடியாது. ஏஜென்ட் இதைச் சொல்லாமல் விட்டிருந்தால் வேறு எதைச் சொல்லாமல் விட்டார் என்று யோசியுங்கள்.

பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்த பிள்ளைக்கு இதில் உண்மையான ஆர்வம் இருந்தால் நேராக ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஆவதற்கான பி.ஓ.டி. பட்டத்துக்கே முயற்சி செய்யுங்கள் என்பதுதான் என் கருத்து. தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் இந்தப் பட்டம் வழங்குகிறது, சென்னை முட்டுக்காட்டில் உள்ள மத்திய அரசு நிறுவனத்திலும் படிக்கலாம். சேர்க்கை விதிகள் மாறிக்கொண்டிருப்பதால் அந்தந்த வருட அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே ஆறு மாதச் சான்றிதழ் வாங்கிவிட்டவர்கள் அதை வைத்துத் தெரபிஸ்ட் என்று போர்டு மட்டும் போடாதீர்கள். தெரபிஸ்ட் இருக்கும் மையத்தில் பராமரிப்பாளராகச் சேர்ந்து கற்றுக்கொள்ள முடியும். ஊரோடு இருந்து மாற்றுத்திறனாளிகளோடு வேலை செய்யத்தான் விருப்பம் என்றால், இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் சமூக அடிப்படையிலான உள்ளடக்கிய வளர்ச்சி (சி.பி.ஐ.டி.) என்ற ஆறு மாதச் சான்றிதழ் படிப்பு ஒன்று இருக்கிறது. அது தெரபி உதவியாளர் படிப்பு அல்ல. மாற்றுத்திறனாளிகளை ஊர் மட்டத்தில் கண்டறிந்து உரிய சேவைகளோடு சேர்த்து வைக்கும் களப்பணிக்கானது. அதை நடத்த அனுமதி பெற்ற மையங்களின் பட்டியல் கவுன்சிலின் இணையதளத்தில் இருக்கும். நீங்கள் பணம் கட்டப்போகும் மையத்தின் பெயர் அதில் இருக்கிறதா என்று நீங்களே தேடிப் பாருங்கள், அவர்கள் காட்டும் பிரிண்ட் அவுட்டை நம்பாதீர்கள்.