தரவைக் கைப்பற்ற வேண்டாம், எடுத்தால் போதும்

‘பழைய ஆவணங்களை ஸ்கேன் செய்து தரவு கைப்பற்றும் பணி’ என்று சேலத்தில் ஓர் அறிவிப்புத் தாளில் படித்தேன். அதற்கு முன்பே ஒரு பயிற்சிக் கையேட்டிலும் ஒரு செயலியின் திரையிலும் இதே தொடரைப் பார்த்தாயிற்று. இனியும் பேசாமல் இருக்க முடியவில்லை. நம் செய்தித்தாள்களில் ‘ஆவணங்கள் கைப்பற்றப்பட்டன’ என்றால் யார் வீட்டிலோ சோதனை நடந்திருக்கிறது என்று பொருள். கோட்டையைக் கைப்பற்றுவார்கள், கடத்தல் அரிசியைக் கைப்பற்றுவார்கள். பத்திரத்தில் உள்ள பெயரையும் சர்வே எண்ணையும் கணினிக்குள் கொண்டுபோகும் அமைதியான வேலைக்கு இந்தச் சொல் ஆகவே ஆகாது.

சொற்களின் பிறப்பை முதலில் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ஆங்கிலத்தில் இந்த வேலைக்கு ‘டேட்டா கேப்சர்’ என்று பெயர். ‘டேட்டா’ என்பது ‘கொடு’ என்று பொருள்படும் இலத்தீன் வினையிலிருந்து வந்தது. கொடுக்கப்பட்டவை என்று அர்த்தம். நம் ‘தரவு’ம் ‘தரு’ என்னும் வினையில் பிறந்ததுதான். (கலிப்பாவின் உறுப்புகளில் ஒன்றுக்கும் தரவு என்றே பெயர், தொல்காப்பியத்திலேயே இருக்கிறது.) ‘கேப்சர்’ என்பதன் வேர் ‘கபேரே’. எடு, பிடி, கொள் என்று அதற்குப் பல பொருள் உண்டு. ‘ஸ்கேன்’ இன்னும் சுவையானது. இலத்தீனில் அதன் வேருக்கு ஏறுதல் என்று பொருள். பிறகு செய்யுளைச் சீர் பிரித்துப் பார்த்தல் என்று ஆனது. பள்ளியில் குறளுக்கு அலகிட்டு வாய்பாடு எழுதச் சொல்கிறார்களே, ஆங்கிலத்தில் ‘ஸ்கேன்’ முதலில் குறித்தது அந்த வேலையைத்தான். அப்புறம் உற்றுப் பார்த்தல் என்றாகி, கடைசியில் ஒரு பரப்பின் மேல் ஒளியை ஓட்டிப் படம் பிடித்தல் என்று வந்து நின்றது. இதற்கு வருடல் என்றும், கருவிக்கு வருடி என்றும் நம் பாடநூலிலேயே சொல் இருக்கிறது. கண்ணாடிக்கு அடியில் ஒளிப்பட்டை தாளைத் தடவிக்கொண்டு போவதைப் பார்த்த யாரும் அந்தச் சொல்லைக் குறை சொல்ல மாட்டார்கள். அதில் எனக்கு வழக்கு இல்லை.

வழக்கெல்லாம் கைப்பற்றலோடுதான். தரவு என்றால் தரப்பட்டது. தந்ததை வாங்கிக்கொள்ளலாம், எடுத்துக்கொள்ளலாம், கைப்பற்ற முடியாது. தர மறுத்தவனிடமிருந்துதான் கைப்பற்ற வேண்டும். ‘தரவு கைப்பற்றல்’ என்னும் தொடரில் முதல் சொல் சொன்னதை இரண்டாம் சொல் மறுக்கிறது. கிரையப் பத்திரத்தின் வாசகத்தைப் பாருங்கள்: இன்னாருக்கு இன்னார் ‘எழுதிக்கொடுத்த’ பத்திரம். எழுதிக்கொடுத்தவர் ஒருவர், எழுதி வாங்கியவர் ஒருவர். முழுக்க முழுக்கக் கொடுக்கல் வாங்கல். அதிலிருந்து கணினிக்குப் போகும் விவரத்துக்கு ஏன் போர்க்களத்துச் சொல்? ஆங்கில அகராதியில் ‘கேப்சர்’ என்ற சொல்லுக்கு எதிரே முதலில் நின்ற பொருளை எடுத்து ஒட்டிவிட்டார்கள், அவ்வளவுதான். ஆங்கிலத்துக்காரர்கள் அந்தச் சொல்லை நிழற்படத்துக்கும் பயன்படுத்துகிறார்கள். நாம் நிழற்படத்தைக் கைப்பற்றுகிறோமா? எடுக்கிறோம்.

இதை மாற்ற நினைத்த சிலர் ‘தரவு பிடிப்பு’ என்று எழுதுகிறார்கள். சம்பளப் பிடிப்பு, வைப்புநிதிப் பிடிப்பு என்று கேட்டுப் பழகிய காதுக்கு, தரவில் ஏதோ கழித்துக்கொண்டார்கள் என்றுதான் படும். ‘தரவு கவர்தல்’ என்று எழுதியவர்களும் உண்டு. ஆநிரை கவர்தல் வெட்சித் திணை. கவர்ந்தவனைத் துரத்திப் போய் மீட்பது கரந்தை. தனித்தமிழ் என்பதற்காக மட்டும் ஒரு சொல்லை ஏற்க முடியாது. என் கணக்கில் தூய்மைக்கும் முன்னால் தெளிவு வரவேண்டும். தெளிவில்லாத தனித்தமிழ்ச் சொல் வந்தால் மக்கள் அதைத் தாண்டி ஆங்கிலத்துக்கே போய்விடுவார்கள். பழி தமிழின் மேல் விழும்.

‘தரவு சேகரிப்பு’ நல்ல தமிழ்தான், ஆனால் வேறு வேலை. வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதுவது சேகரிப்பு. ‘தரவு உள்ளீடு’ என்பது விசைப்பலகையில் தட்டி ஏற்றுவது. நாம் பேசும் வேலையில் அது ஒரு பகுதி மட்டும். ‘மின்மயமாக்கல்’ என்று எழுதுவதை மட்டும் எந்த வகையிலும் ஒத்துக்கொள்ள முடியாது. சேலம் விருத்தாசலம் ரயில் பாதையை மின்மயமாக்கினார்கள். கம்பம் நட்டு, கம்பி இழுத்து, டீசல் எஞ்சினுக்குப் பதில் மின்சார எஞ்சினை ஓட்டுவதற்குப் பெயர் அது. பழைய பட்டாவுக்கு யாரும் கம்பி இழுக்கவில்லை.

சொல் ஏன் குழம்புகிறது என்றால், வேலையே குழம்பிக் கிடக்கிறது. ‘எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி ஏத்தியாச்சு’ என்று சொல்லிவிட்டால் தரவுத்தளம் தயாராகிவிட்டது என்று நம்புகிறார்கள். வருடி தருவது ஒரு படம். அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் எடுத்தாலும் படம் படம்தான். ஏற்காட்டு எஸ்டேட் ஒன்றின் பழைய கூலிப் பதிவேட்டை முழுக்க வருடி வைத்தாலும், எந்த மாதத்தில் எத்தனை பேர் பழம் பறித்தார்கள் என்று அந்தப் படத்திடம் கேட்க முடியாது. நாம்தான் பக்கம் பக்கமாகத் திறந்து பார்க்க வேண்டும்.

அடுத்த படி எழுத்துணர்தல். படத்தில் உள்ள கோடும் சுழியும் எந்த எழுத்து என்று மென்பொருள் கண்டுபிடிப்பது. டெசராக்ட் என்னும் மென்பொருள் 1985இலிருந்து 1994 வரை ஹியூலெட் பேக்கர்ட் நிறுவனத்தில் உருவானது. 2005இல் யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி வெளியிட்டார்கள். இன்று தமிழும் படிக்கும். அச்சு தெளிவாக இருந்தால் நன்றாகவே படிக்கும். பழைய ஆவணத்தில்தான் அதற்குக் கண் கட்டிவிடுகிறது. 1978இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன் அச்சான தாள்களில் ணை, லை, ளை, னை எல்லாம் யானைத் தும்பிக்கை போன்ற வளைவோடு நிற்கும். ணா, றா, னா மூன்றும் வேறு வடிவில் இருக்கும். துணைக்காலும் ‘ர’வும் ஒன்றுபோலத் தெரியும். கணக்குப் பேரேட்டில் பக்கத்தின் தலையில் பிள்ளையார் சுழி இருக்கும். அதை ‘உ’ என்று எடுத்துக்கொள்ளலாம், தமிழ் எண் இரண்டு என்றும் எடுத்துக்கொள்ளலாம். மென்பொருளுக்குப் பிள்ளையாரைத் தெரியாது. மா, காணி போன்ற பின்னக் குறிகளுக்கு ஒருங்குறியில் (யூனிகோடில்) இடம் கிடைத்ததே 2019இல்தான்.

எழுத்தெல்லாம் சரியாக வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் கையில் இருப்பது நீளமான ஒரு வாசகம். அதில் எழுதிக்கொடுத்தவர் பெயர் எது, வாங்கியவர் பெயர் எது, நான்கெல்லை சொல்லும் செக்குபந்தியில் கிழக்கே நிலம் வைத்திருப்பவர் யார் என்று பிரித்து அந்தந்தக் கட்டத்தில் வைக்க வேண்டும். பத்திரத்தில் ஏக்கர், சென்ட் இருக்கும்; பட்டாவில் ஹெக்டேர், ஏர் இருக்கும். மஞ்சக்குட்டை ஒரு தாளில் ஒற்று மிகுந்தும் இன்னொன்றில் மிகாமலும் இருந்தால் தரவுத்தளத்தில் ஒரே ஊர் இரண்டு ஊராகிவிடும். சேர்வராயன் மலையை ஆங்கிலத் தாள்கள் ஷெவராய் என்கின்றன, செவ்வாய்ப்பேட்டையை ஷெவாப்பேட் என்கின்றன. இவற்றையெல்லாம் ஒன்றென்று அறிந்து சேர்ப்பதும், தாளோடு ஒப்புநோக்கிச் சரிபார்ப்பதும்தான் இந்த வேலையின் உயிர். இந்தப் படியையும் சேர்த்து முழு வேலைக்கும்தான் நமக்குச் சொல் வேண்டும்.

நம்மிடம் இதற்கு முன்மாதிரி இல்லையா? இருக்கிறது. கல்வெட்டுக்காரர்கள் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக இதே வேலையைச் செய்துவருகிறார்கள். நம் மாவட்டத்து ஆறகளூர்க் காமநாதீசுவரர் கோயில் சுவரில் இருப்பது போன்ற ஒரு கல்வெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஈரத்தாளைக் கல்லில் ஒட்டி, தூரிகையால் அடித்து எழுத்துப் பள்ளத்தில் இறக்கி, மேலே மை ஒற்றி எடுப்பார்கள். அது மைப்படி. அதைப் பார்த்து எழுத்துக் கூட்டிப் படித்து எழுதுவது பாடம். பிறகு ஊர், மரபு, அரசன், ஆட்சியாண்டு, மொழி, செய்தி என்று பத்தி பிரித்து ஆண்டறிக்கைப் பட்டியலில் ஏற்றுவார்கள். மைப்படி எடுத்ததையே பட்டியல் போட்டுவிட்டதாக எந்தக் கல்வெட்டாய்வாளரும் சொன்னதில்லை. மைப்படிக்கு ஒரு சொல், பாடத்துக்கு ஒரு சொல், பட்டியலுக்கு ஒரு சொல். கணினித் தமிழ் எழுதுகிறவர்கள் ஆங்கில அகராதிக்குப் போகும் முன் இங்கே ஒரு முறை வந்திருக்கலாம். ஏடு பெயர்த்து எழுதிய மரபும் நமக்கு உண்டு. ‘எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான்’ என்ற பழமொழியும் கூடவே உண்டு. வேலையின் எந்தக் கட்டத்தில் பிழை நுழையும் என்று ஏடு எழுதியவர்களுக்குத் தெரிந்திருந்தது.

நான் பரிந்துரைக்கும் சொல் தரவெடுப்பு. கணக்கெடுப்பு எப்படியோ அப்படி. வினையாக்கினால் தரவெடு, தரவெடுத்தார்கள், தரவெடுக்கும் மென்பொருள். சேலம் கலெக்டர் ஆபீஸ் பக்கம் போய்க் காது கொடுங்கள். ஜெராக்ஸ் எடு, போட்டோ எடு, பிரிண்ட் எடு, சிட்டா எடுத்துட்டு வா. எல்லாமே எடுதான். மக்கள் வாயில் ஏற்கெனவே இருக்கும் வினை. யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. இலத்தீன் ‘கபேரே’வுக்கும் இது நேரான தமிழ். எடுத்தால் மூலம் அங்கேயே இருக்கும், நகல் நம்மிடம் வரும். படம் எடுத்தால் முகம் போய்விடுவதில்லை. கைப்பற்றினால் மூலமே கைமாறிவிடும்.

தரவுத்தளத்திலிருந்து விவரத்தைத் திரும்ப எடுப்பதும் தரவெடுப்பு ஆகிவிடாதா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அதற்கு மீட்பு என்ற சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. ஐயம் வரும் இடத்தில் ‘தாளிலிருந்து தரவெடுப்பு’ என்று எழுதிவிட்டால் தீர்ந்தது. ‘பிரித்தெடுத்தல்’ ஏன் கூடாது என்றும் கேட்கலாம். அது தவறில்லை, தாதுவிலிருந்து உலோகத்தைப் பிரித்தெடுப்பது போல வாசகத்திலிருந்து பெயரைப் பிரிக்கும் அந்த ஒரு படிக்கு வைத்துக்கொள்ளலாம். முழு வேலைக்கும் அதுவே பெயரானால் வருடலும் எழுத்துணர்தலும் வெளியே நின்றுவிடும்.

மொழிபெயர்ப்பாளர்களிடம் இன்னொன்றும் கேட்க வேண்டியிருக்கிறது. நிலப் பதிவேடு சார்ந்த ஒரு மென்பொருளில் ‘புல எண்ணைப் புலத்தில் நிரப்பவும்’ என்று வந்தது. வருவாய்த் துறைத் தமிழில் புலம் என்றால் நிலம். புல எண் என்றால் சர்வே எண். புலப்படம் என்றால் அந்த நிலத்தின் அளவு வரைபடம். கணினித் தமிழில் ‘ஃபீல்டு’ என்பதற்கும் புலம் என்றே வைத்துவிட்டார்கள். மருத்துவமனைப் படிவத்தில் அது யாரையும் குழப்பாது. நிலப் படிவத்தில் விவசாயி என்ன செய்வார்? இதற்கும் சொல் மக்களிடம் இருக்கிறது: கட்டம். ‘அந்தக் கட்டத்துல பேரை எழுதுங்க’ என்று தபால் ஆபீசில் காலங்காலமாகச் சொல்கிறார்கள். சொல் எந்தத் துறையில் போய் உட்காரப் போகிறது, அங்கே ஏற்கெனவே யார் அந்தச் சொல்லை வைத்திருக்கிறார்கள் என்று பார்க்காமல் எழுதுவதால் வரும் வினை இது. இப்போது இயந்திர மொழிபெயர்ப்பு தருவதை அப்படியே ஒட்டிவிட்டு, திரும்பப் படித்துக்கூடப் பார்ப்பதில்லை.

வேலை செய்கிறவர்களுக்கும் பெயர் வேண்டும். வேலைவாய்ப்பு விளம்பரங்களில் எல்லோரும் ‘டேட்டா என்ட்ரி ஆபரேட்டர்’தான். தாளை வருடுகிறவர் வருடுநர், விவரத்தைக் கட்டங்களில் ஏற்றுகிறவர் தரவெடுப்பாளர், இரண்டையும் வைத்துச் சரிபார்க்கிறவர் ஒப்புநோக்குநர் என்று பிரித்து எழுதலாம். ஒப்புநோக்குதல் நம் அலுவலகங்களின் பழைய சொல். நகல்களில் இன்றும் பார்க்கலாம். மூன்று பெயரில் அந்த மூன்றாவதற்குத்தான் இப்போது பல இடங்களில் ஆளே போடுவதில்லை.