ஓப்பரா: இசை அரங்கமா, இசைநாடக அரங்கமா?

பாத்திரங்கள் முதலிலிருந்து கடைசி வரை பெரும்பாலும் பாடியே கதையை நடத்த, மேடைக்கு முன்னுள்ள பள்ளத்தில் வாத்தியக் குழு உடன் வாசிக்கும் மேற்கத்திய நாடகமே ஓப்பரா. தமிழில் இசைநாடகம்.

இந்தச் சொல்லுக்குள் இசையும் இல்லை, நாடகமும் இல்லை. இத்தாலியத்தில் ஓப்பெரா என்றால் வேலை, படைப்பு, அவ்வளவுதான். லத்தீனில் உழைப்பைக் குறித்த சொல் அது. செயல் என்னும் பொருளுள்ள வேதமொழி ‘அபஸ்’ அதற்குத் தூரத்து உறவு. ‘ஓப்பெரா இன் மூசிக்கா’, அதாவது இசையில் அமைந்த படைப்பு என்ற தொடரில் தலைச்சொல் மட்டும் மிஞ்சிவிட்டது. 1607-இல் இத்தாலியின் மான்டுவா நகரில் அரங்கேறிய, இசையமைப்பாளர் மான்டெவெர்தியின் ‘ஓர்ஃபியோ’கூடத் தன்னை ‘இசையில் ஒரு கதை’ என்றே சொல்லிக்கொண்டது. 1637-இல் வெனிஸின் சான் காசியானோ அரங்கம் காசு கொடுத்தவர்களுக்கெல்லாம் கதவைத் திறந்தது. அதுவரை பெரும்பாலும் அரண்மனை விருந்தாக இருந்த கலை அங்கேதான் டிக்கெட் கலையானது.

எழுத்துக்கூட்டலில் ஒற்றைப் பகரம் போட்டு ‘ஓபரா’ என்றால் தமிழ் வாய் அதை மெலித்துவிடும். இரட்டிப்பதே சரி.

‘இசைநாடகம்’ என்பதில் ஒரு சிக்கல் உண்டு. சங்கரதாஸ் சுவாமிகள் வழிவந்த நாடகங்களுக்கும் அதே பெயர். அவற்றில் பாட்டுக்கு நடுவே வசனம் தாராளமாக வரும். கலாக்ஷேத்ராவின் நாட்டிய நாடகமும் ஓப்பரா ஆகாது. அங்கே ஆடுபவர் ஒருவர், பாடுபவர் வேறொருவர். ஓப்பராவில் நடிப்பவரே பாட வேண்டும். பிற சொற்களுக்கு நம் வழக்கிலேயே இணை உண்டு. ஓப்பராவின் பாட்டு வரிகளைக் கொண்ட நூலே லிப்ரெட்டோ; நேர்ப்பொருள் சிறு புத்தகம். கொட்டகை வாசலில் விற்ற பாட்டுப் புத்தகத்தை நினைத்துக்கொள்ளலாம். ஆரியா தனிப்பாடல். வசனத்தைச் சுரத்தில் நீட்டும் ரெசிட்டட்டிவ், கட்டான தாளம் இல்லாததால், நம் விருத்தத்துக்கு அருகில் நிற்கிறது.

‘ஓப்பரா ஹவுஸ்’ என்பதை ‘இசைநாடக அரங்கம்’ என்னாமல் ‘இசை அரங்கம்’ என்று பெயர்ப்பது வெறும் சொல் பிழை அல்ல, டிக்கெட்டிலேயே கைவைக்கும் பிழை. வியன்னா தெருக்களில் மோட்சார்ட் காலத்து உடையும் பொய்முடியுமாக நின்று டிக்கெட் விற்பவர்கள் பெரும்பாலும் வேறு கூடங்களில் நடக்கும் கச்சேரிக்கு விற்பவர்கள். 1869-இல் திறந்த அரசு ஓப்பரா அரங்குக்குள் போவதாக நினைத்து வாங்கினால் ஏமாற்றம்தான். பாரிஸின் பழைய ஓப்பரா அரங்கான கார்னியே மாளிகையில் இன்று மிகுதியும் பாலே நடனம். பெரிய இசைநாடகங்கள் பெரும்பாலும் 1989-இல் திறந்த பஸ்தீய் அரங்குக்குப் போய்விட்டன. சிட்னி ஓப்பரா ஹவுஸிலும் மிகப் பெரிய கூடம் கச்சேரிக்கானதே. பகலில் விற்கும் சுற்றிப்பார்க்கும் சீட்டு மாலை நிகழ்ச்சிக்குச் செல்லாது. அன்றைய நிகழ்ச்சியின் பெயர், கூடத்தின் பெயர் இரண்டையும் பார்த்த பிறகே பணம் கொடுக்க வேண்டும்.

முன்பதிவு இல்லாமல் போய் நிற்பவர்களுக்கும் வழி உண்டு. மார்கழியில் சபா வாசலில் டெய்லி டிக்கெட்டுக்கு நிற்பதுபோல, வியன்னாவில் ‘ஷ்டேப்ளாட்ஸ்’ என்னும் நின்று பார்க்கும் இடம் அன்றைக்கன்று கிடைக்கும். உள்ளே போனதும் கம்பியில் ஒரு துண்டையோ துப்பட்டாவையோ கட்டி இடம் பிடிப்பது அங்கே பழைய வழக்கம். முதுகுப் பையையும் கனமான கோட்டையும் பொருள் காப்பறையில் கொடுத்துவிட வேண்டும். அதற்கே பத்து நிமிடம் ஒதுக்குங்கள். கூடம் குதிரை லாட வடிவில் இருப்பதால், மலிவான பக்கவாட்டு இடங்களில் மேடையின் பாதி தெரியாமல் போகலாம். காசு ஒன்றென்றால் நடுவில் நிற்பதே மேல்.

சபாப் பழக்கம் ஒன்றை மட்டும் சென்னையிலேயே விட்டுவிட்டுப் போக வேண்டும். தனி ஆவர்த்தனத்தில் கேன்டீனுக்கு எழுந்து போய்த் திரும்புவது அங்கே நடக்காது. திரை எழுந்தபின் கதவு சாத்தப்படும். தாமதமானால் பெரும்பாலும் இடைவேளை வரை வெளியே நிற்க வேண்டியதுதான். பாடகர்களுக்கு மைக் இல்லை, குரல் மட்டுமே வாத்தியங்களைத் தாண்டி வருகிறது. பிளாஸ்டிக் பை சரசரத்தால் நாலு வரிசைக்குக் கேட்கும். மொழி புரியவில்லையே என்ற கவலை வேண்டாம். வியன்னாவில் இருக்கைக்கு முன்னால் உள்ள சிறு திரையில் ஆங்கில வரிகள் ஓடும். ஆனாலும் கதைச் சுருக்கத்தை முதல் நாளே படித்துவிடுங்கள். திரையைக் குனிந்து பார்க்கும் நேரத்தில்தான் மேடையில் ஒருவர் செத்துப்போவார்.