அதிர்ச்சிக்குப் பின்: இணையவழிச் சக ஆதரவு எப்படி உதவுகிறது?

போர், விபத்து, பாலியல் வன்முறை போன்றவற்றிலிருந்து உயிர் தப்பியவர்களில் சிலருக்கு அந்நிகழ்வு கடந்தகால நினைவாக அடங்குவதில்லை. இப்போது நடப்பதைப் போலவே திரும்பத் திரும்ப வந்து தாக்குகிறது. ஆபத்தை உணர்த்தும் அமிக்டாலா என்ற மூளைப்பகுதி மிகையாக இயங்குவதையும், அதைக் கட்டுப்படுத்த வேண்டிய முன்மூளைப் புறணியின் பிடி தளர்ந்திருப்பதையும் ஆய்வுகள் பல காட்டியுள்ளன. இதனால் ஒரு டயர் வெடித்தாலும் உடல் நடுங்குகிறது. பாதிக்கப்பட்டவர் முதலில் கடைத்தெருவையும், பிறகு பேருந்தையும், நாளடைவில் மனிதர்களையுமே தவிர்க்கத் தொடங்குகிறார். தவிர்ப்பது அப்போதைக்கு நிம்மதி தரும் என்றாலும், அந்த ஓசையால் இன்று ஆபத்தில்லை என்று மூளை கற்றுக்கொள்ளும் வாய்ப்பும் அதோடு போய்விடுவதால், அச்சம் குறையாமல் நீடிக்கிறது.

அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு (PTSD) எனப்படும் இந்நிலை 1980-இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் நோய்க் கையேட்டில் இடம்பெற்றது. அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே, வியட்நாம் போரிலிருந்து திரும்பிய வீரர்கள் நியூயார்க்கில் கூடித் தங்களுக்குள் பேசத் தொடங்கியிருந்தனர். ராபர்ட் ஜே லிஃப்டன், ஹைம் ஷாட்டன் ஆகிய உளமருத்துவர்களும் அக்கூட்டங்களில் கலந்துகொண்டனர். ஆனால், பேச்சின் போக்கைப் பெரிதும் தீர்மானித்தவர்கள் வீரர்களே. அதிர்ச்சிக்குப் பின் ஒருவருக்கு ஆதரவாக யாரும் இல்லாமற்போவது இக்கோளாறுக்கான வலுவான காரணிகளுள் ஒன்று என்பதை, 77 ஆய்வுகளைத் தொகுத்துக் கிறிஸ் பிரூவினும் சக ஆய்வாளர்களும் 2000-இல் வெளியிட்ட கட்டுரை உறுதிப்படுத்தியது.

பாதிப்பைச் சந்தித்தவர்களே ஒருவருக்கொருவர் தரும் அத்தகைய ஆதரவை, அதாவது சக ஆதரவை, இணையக் குழுக்கள் வேறொரு வடிவில் தருகின்றன. கெட்ட கனவு கண்டு அதிகாலை மூன்று மணிக்கு எழுந்து உட்கார்ந்திருப்பவருக்கு அந்நேரத்திலும் படிப்பதற்கு ஏதேனும் இருக்கும். புனைபெயரில் எழுதலாம், எழுதாமல் படிக்க மட்டும் செய்யலாம், மூச்சு முட்டினால் திரையை மூடிவிடலாம். தன் உடலின் பதற்றத்தைத் தானே கட்டுப்படுத்த முடியாமல் தவிப்பவருக்கு இந்தக் கட்டுப்பாடு பெரிய உதவி.

"பேருந்தில் ஏறினாலே நெஞ்சு அடைக்கிறது, எனக்கு மட்டும்தான் இப்படியா?" என்று ஒருவர் எழுதுவதாகக் கொள்வோம். "எனக்கும் அப்படித்தான் இருந்தது. முதலில் ஒரு நிறுத்தம் வரை போய் இறங்கினேன், பழகிய பிறகு இரண்டு" என்று பதில் வந்தால், வெட்கம் சற்றுத் தணிவதோடு, அச்சத்தைப் படிப்படியாக எதிர்கொள்ளும் சிகிச்சை முறையின் எளிய வடிவமும் அவர் கைக்குக் கிடைக்கிறது. "பேருந்தே வேண்டாம், ஆட்டோவில் போய்விடுங்கள்" என்ற பதிலும் அன்பிலிருந்து வருவதுதான். ஆனால் அது நோயின் பக்கமே சாய்கிறது. சக ஆதரவின் பலமும் பலவீனமும் இந்த இரு பதில்களுக்கும் இடையில்தான் இருக்கின்றன என்பது என் கருத்து.

நடந்த கொடுமையை விரிவாகச் சொல்லவைத்தாலே மனம் ஆறிவிடும் என்ற பரவலான நம்பிக்கையும் ஆபத்தானது. பேரிடர் நடந்த உடனேயே பாதிக்கப்பட்டவர்களை உட்கார வைத்து ஒரே அமர்வில் அனைத்தையும் பேசவைக்கும் முறை, பின்னாளில் இக்கோளாறு வருவதைத் தடுப்பதில்லை என்று தொகுப்பாய்வுகள் காட்டியதால், பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டுதல்கள் அதை ஏற்பதில்லை. எனவே நன்கு நடத்தப்படும் குழுக்கள், தாக்குதலின் நுண்விவரங்களை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு, உறக்கம், வேலை, குடும்பம் என இன்றைய நாளைக் கடப்பதைப் பற்றிய பேச்சையே ஊக்குவிக்கின்றன. இதைக் கவனிக்கும் நெறியாளர்களும் பெரும்பாலும் பாதிப்பைச் சந்தித்தவர்களே ஆதலால், அவர்களுக்குச் சுழற்சி முறைப் பணியும் ஓய்வும் கட்டாயம் வேண்டும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தை யாரேனும் எழுதினால், உறுப்பினர்களின் ஆறுதலோடு நிறுத்தாமல், அவசர உதவிக்கு உடனே வழிகாட்ட வேண்டும். இந்தியாவில் டெலி மானஸ் என்ற மனநலத் தொலைபேசிச் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் அழைக்கலாம்.

அதிர்ச்சியை மையப்படுத்திய உளவியல் சிகிச்சைகளின் இடத்தை இக்குழுக்கள் நிரப்ப முடியாது. ஆயினும், அச்சிகிச்சையின் முதல் அமர்வில் என்ன கேட்பார்கள், எப்போது நிறுத்தச் சொல்லலாம், அன்றிரவு உடல் எப்படியிருக்கும் என்பவற்றை, அதை முடித்து வந்த ஒருவர் விவரிக்கும்போது, மருத்துவமனை வாசல் வரை போய்த் திரும்பியவரும் மறுபடி நேரம் கேட்டுப் பதிவுசெய்யத் துணிவு பெறலாம்.