ரிப்போர்ட்டில் ‘லோ’ என்று வந்தால்: கர்ப்பகால வைட்டமின் கணக்கு

வண்ணாரப்பேட்டையில் ஏதோ ஒரு லேப். ரிப்போர்ட்டில் பி12க்கு எதிரே 190 என்று இருக்கிறது, பக்கத்தில் தடித்த எழுத்தில் ‘லோ’. வயிற்றில் ஏழு மாதம். பயப்படுவதா, விடுவதா? அந்த எண்ணைப் படிக்கும் முன் கர்ப்பத்தில் ரத்தம் என்ன ஆகிறது என்று பார்த்துவிட வேண்டும்.

கர்ப்பம் வளர வளர ரத்தத்தின் நீர்ப்பகுதி 40 முதல் 50 சதவீதம் வரை கூடுகிறது. சிவப்பணுக்கள் அந்த அளவுக்குக் கூடுவதில்லை. 20, 30 சதவீதம்தான். விருந்தாளி வந்துவிட்டால் ரசத்தில் தண்ணீர் விட்டு நீட்டுவோமே, அதே கதை. சட்டியில் புளியின் மொத்த அளவு குறையவில்லை, கரண்டியில் எடுத்தால்தான் நீர்த்துத் தெரியும். ரத்தசோகைக்கான கோடு கர்ப்பிணிகளுக்கு ஹீமோகுளோபின் 11 கிராம் என்று தாழ்த்தி வைக்கப்பட்டிருப்பது இதனால்தான். பி12ம் இப்படித்தான் இறங்கிக்கொண்டே வரும். லேப் அச்சடிக்கும் ‘நார்மல்’ எல்லையோ பெரும்பாலும் கர்ப்பமில்லாதவர்களுக்கானது. ஆகவே இரண்டாம் மாதத்து 190ம் ஏழாம் மாதத்து 190ம் ஒன்றல்ல. முன்னது மெய்யான பற்றாக்குறையாக இருக்க வாய்ப்பு அதிகம். சந்தேகம் தீர ‘ஆக்டிவ் பி12’ என்றொரு பரிசோதனை உண்டு. அது கர்ப்பத்தில் அவ்வளவாக இறங்காது, விலைதான் கூடுதல்.

அலகையும் பாருங்கள். பி12 நம் ஊரில் பிக்கோகிராமில் வரும். வெளிநாட்டுக் கட்டுரைகளில் பிக்கோமோல். மில்லிலிட்டருக்கு 200 பிக்கோகிராமும் லிட்டருக்கு 148 பிக்கோமோலும் ஒன்றே. வைட்டமின் டியில் மில்லிலிட்டருக்கு 20 நானோகிராம் என்றால் லிட்டருக்கு 50 நானோமோல். செல்போனில் தேடி, அலகு மாறிப்போய், தூக்கத்தைத் தொலைப்பவர்கள் உண்டு.

சரி, மெய்யாகவே குறைந்தால் என்ன ஆகும்? 11 நாடுகளின் 11,216 கர்ப்பங்களை ஒன்றுசேர்த்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2017இல் வந்தது. பி12 அளவு 148 பிக்கோமோலுக்குக் கீழே இருந்தவர்களுக்குக் குறைமாதப் பிரசவ அபாயம் 21 சதவீதம் கூடுதல். இந்த 21ஐ நூற்றுக்கு இருபத்தொரு பேர் என்று படிக்கக் கூடாது. நூறு பேரில் பத்துப் பேருக்குக் குறைமாதம் ஆகும் இடத்தில் பன்னிரண்டு பேருக்கு ஆகும் என்பதே பொருள். இதுவும் தொடர்புதான், பி12 கொடுத்தால் அந்த இரண்டு பேரும் தப்பிவிடுவார்கள் என்று நிரூபணம் ஆகவில்லை.

நிரூபணம் ஆனது ஃபோலிக் அமிலம். கருவின் முதுகுப் பக்கம் ஒரு தட்டையான தகடு இருக்கும். இரண்டு ஓரமும் எழும்பி, பாய் சுருள்வதுபோல் சுருண்டு, குழாயாக மூடிக்கொள்ளும். மூளையும் தண்டுவடமும் இதிலிருந்து வருபவை. மேல்முனை மூடாவிட்டால் மூளையும் மண்டையோடும் உருவாகாது. கீழ்ப்பக்கம் மூடாவிட்டால் முதுகுத்தண்டு பிளந்த பிள்ளை. மூடும் வேலை கருத்தரித்த 28ஆம் நாளோடு முடிந்துவிடும். கடைசி மாதவிலக்கிலிருந்து எண்ணினால் ஆறு வாரம். நாள் தள்ளிப்போனது தெரிவதே நான்காவது வாரத்தில். பத்து நாள் பொறுத்து, கார்டு போட்டுப் பார்த்து, நகர்ப்புற சுகாதார நிலையத்தில் பிக்மி நம்பர், அதாவது கர்ப்பப் பதிவு எண், வாங்கி, நர்ஸ் அக்கா மாத்திரையைக் கையில் கொடுக்கும்போது கதவு சாத்தியாகிவிட்டது.

முன்பு இப்படிப் பிள்ளை பிறந்திருந்த தாய்மார்களுக்குக் கருத்தரிக்கும் முன்பிருந்தே தினம் 4 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்த பிரிட்டிஷ் சோதனை 1991இல் வெளியானது. மறுபடி அதே குறை வருவது 72 சதவீதம் குறைந்தது. முன்னர் அப்படி எதுவும் நேராதவர்களுக்கு 400 மைக்ரோகிராம் போதும், ஆனால் கருத்தரிக்க ஒரு மாதமாவது முன்பே தொடங்க வேண்டும். வளைகாப்புக்கு அடுக்கும் தட்டுகளைவிட நிச்சயதார்த்தத் தட்டில் இந்த மாத்திரையை வைத்தால் பலன் அதிகம். மருந்துக்கடையில் வெறுமனே ‘ஃபோலிக் ஆசிட்’ என்று கேட்டால் பெரும்பாலும் வருவது 5 மில்லிகிராம், அதாவது பன்னிரண்டரை மடங்கு. அது முன்பு அப்படிப் பிள்ளை பிறந்தவர்கள், வலிப்பு மாத்திரை சாப்பிடுபவர்கள், சர்க்கரை நோயுள்ளவர்கள் போன்றோருக்கு மருத்துவர் எழுதித் தரும் அளவு.

இந்த இடத்தில்தான் பி12 திரும்ப உள்ளே வருகிறது. எண்ணூர் சாலையில் துறைமுக ஜீரோ கேட்டுக்காகக் கன்டெய்னர் லாரிகள் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். உடம்பில் சுற்றும் ஃபோலேட் பெரும்பாலும் மெத்தில் என்ற சரக்கை ஏற்றிய லாரி. சரக்கை இறக்கினால்தான் லாரி காலியாகி அடுத்த வேலைக்கு, அதாவது புது செல்லுக்கான டிஎன்ஏ செய்யப் போகும். இறக்கும் ஆள் பி12. ஆள் இல்லையென்றால் லாரிகள் வரிசையில் நிற்கும். ரத்தத்தில் ஃபோலேட் நிறைய இருப்பதாகவே ரிப்போர்ட் காட்டும், வேலை நடக்காது. ஃபோலிக் அமில மாத்திரையோ வேறு வழியாக வரும் காலி லாரி. டிஎன்ஏ வேலை ஓட ஆரம்பிக்கும், ரத்தசோகை சரியானதுபோல் தெரியும். ஜீரோ கேட்டில் சரக்கு அப்படியே கிடக்கும். நரம்பின் உறைக்குத் தேவையானது அந்தச் சரக்கு. விரல் மரத்துப்போவதையும் மறதியையும் ‘கர்ப்பம்னா அப்படித்தான்’ என்று விட்டுவிடுவது இதனால் ஆபத்து.

அரசு கொடுக்கும் சிவப்பு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. பி12 கிடையாது. புனே கிராமங்களில் தாய்மார்களையும் பிள்ளைகளையும் பின்தொடர்ந்த ஆய்வு 2008இல் சொன்னது: ஃபோலேட் அதிகமாகவும் பி12 குறைவாகவும் இருந்த தாய்மாரின் பிள்ளைகளுக்கே ஆறு வயதில் இன்சுலின் சரியாக வேலை செய்யாத நிலை அதிகம். சிவப்பு மாத்திரையை நிறுத்தச் சொல்லவில்லை. ரத்தசோகை அதைவிடப் பெரிய எமன். பி12 எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியைச் சேர்த்துக் கேட்க வேண்டும்.

காசிமேட்டுக்காரர்களுக்குப் பதில் சுலபம். 100 கிராம் மத்தி மீனில் சுமார் 8 மைக்ரோகிராம் இருக்கிறது. கர்ப்பிணிக்கு ஒரு நாள் தேவை சுமார் இரண்டரை. நெத்திலியும் நல்லது. பெரிய சுறாவை மட்டும் பிரசவம்வரை தள்ளி வையுங்கள், பாதரசம் சேரும் மீன் அது. சௌகார்பேட்டையின் சைவக் குடும்பங்களுக்குத்தான் சிக்கல். கீரையில் பி12 இல்லை, பருப்பில் இல்லை, இட்லி மாவு புளிப்பதால் நம்பும்படி எதுவும் சேர்வதுமில்லை. ஒரு டம்ளர் பாலில், 200 மில்லி என்று வைத்தால், ஒரு மைக்ரோகிராமுக்குச் சற்றுக் குறைவு. செறிவூட்டிய ரேஷன் அரிசிக்கான விதி கிலோவுக்கு 0.75 முதல் 1.25 மைக்ரோகிராம், தினம் 300 கிராம் சாப்பிட்டால் கிடைப்பது 0.2 முதல் 0.4 மைக்ரோகிராம்தான். அதையும் ‘பிளாஸ்டிக் அரிசி’ என்று பொறுக்கி எறிந்தால் அதுவுமில்லை.

குடல் ஒரு வேளைக்கு ஏறக்குறைய இரண்டு மைக்ரோகிராமுக்கு மேல் வழக்கமான வழியில் உறிஞ்சாது. அதனால் பாலையும் தயிரையும் மூன்று வேளையாகப் பிரிப்பதே லாபம். மாத்திரையில் 1000 மைக்ரோகிராம் வைப்பதும் இதற்காகத்தான்: ஒரு சதவீதம் சும்மா கசிந்து உள்ளே போனாலும் 10 மைக்ரோகிராம் ஆகிவிடும். நீர்க்கட்டிக்கோ சர்க்கரைக்கோ வெகுநாளாக மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்கள், மீன் தின்றாலும், ஒருமுறை அளவு பார்ப்பது நல்லது. அந்த மருந்து பி12 உறிஞ்சுவதைக் குறைக்கும்.

வைட்டமின் டி விஷயத்தில் பேச்சு அதிகம், நிரூபணம் குறைவு. அளவு குறைந்தவர்களுக்கு ரத்தக்கொதிப்பும் கர்ப்பகாலச் சர்க்கரையும் கூடுதலாக வருவது பல ஆய்வுகளில் தெரிகிறது. ஆனால் உடல் எடை கூடியவர்களுக்கும் வீட்டுக்குள்ளேயே இருப்பவர்களுக்கும் டி குறையும். அவர்களுக்கு இந்த இரண்டும் எப்படியும் அதிகம். எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் டி மாத்திரை தேவையென்று உலக சுகாதார நிறுவனம் 2020இலும் சொல்லவில்லை. தாய்க்கு மிகவும் குறைந்தால் பிறந்த குழந்தைக்குக் கால்சியம் இறங்கி வலிப்பு வரலாம் என்பது உறுதி. புகைமூட்டம் வெயிலின் புறஊதாக் கதிரைத் தடுக்கும். தில்லியில் மாசு மிகுந்த மோரி கேட் பகுதிக் குழந்தைகளுக்கு 12.4 நானோகிராம், குர்காவ்ன் குழந்தைகளுக்கு 27.1 என்று 2002இல் பதிவானது. மணலிக்காரர்கள் யோசிக்க வேண்டிய எண்கள். ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயிலுக்குப் பலனில்லை. மொட்டை மாடிக்குப் போக வேண்டும், அதுவும் காலை பத்துக்கு மேல்.

வைட்டமின் டி பரிசோதனை கேட்கும்போது ‘25 ஹைட்ராக்ஸி’ என்று கேளுங்கள். ‘1,25’ என்ற இன்னொன்று கர்ப்பத்தில் தானாகவே இரண்டு மூன்று மடங்கு ஏறும், குறையை மறைத்துவிடும். 60,000 யூனிட் டி பாக்கெட் வாரத்துக்கு ஒன்று. தினம் ஒன்று என்று புரிந்துகொண்டு கலக்கிக் குடித்தால் கால்சியம் எகிறி வாந்தி, தாகம், சிறுநீரகக் கேடு. மசக்கை வாந்தி என்று நினைத்து வாரக்கணக்கில் ஓட்டிவிடவும் கூடும்.

சி, ஈ இரண்டையும் கடக்க ஒரு வரி போதும்: ரத்தக்கொதிப்பைத் தடுக்குமென்று தினம் 1000 மில்லிகிராம் சியும் 400 யூனிட் ஈயும் கொடுத்த 2006ஆம் ஆண்டு சோதனையில் தடுக்கவுமில்லை, எடை குறைந்த குழந்தைகள் கூடினார்கள். உணவில் கால்சியம் குறைந்தவர்களுக்கு அந்தக் கொதிப்பைக் குறைப்பது, பெரிதாக இருக்கிறதென்று பலர் தூக்கிப்போடும் அதே கால்சியம் மாத்திரை.

வைட்டமின் ஏ கூடினால் கெடுதல். நாளொன்றுக்கு 3000 மைக்ரோகிராம் ரெட்டினாலைத் தாண்டினால், அதிலும் முதல் மூன்று மாதத்தில், கருவின் முகமும் இதயமும் பழுதாகலாம். ரத்தம் ஊற ஈரல் வறுத்துக் கொடுக்கும் வீடுகள் கவனிக்க: 100 கிராம் ஈரலே அந்த எல்லையைத் தாண்டிவிடக்கூடும். சுவரொட்டியில், அதாவது ஆட்டு மண்ணீரலில், இரும்பு ஏராளம், இந்தத் தொல்லை இல்லை; நன்றாக வேகவைத்தால் சரி. முருங்கைக்கீரையில் இருப்பது கரோட்டின், பயமில்லை. பருவுக்கு ஐசோட்ரெட்டினோயின் சாப்பிடுபவர்கள் கருத்தரிக்கவே கூடாது.

மசக்கையில் இரண்டு மூன்று வாரம் எதுவும் தங்கவில்லை என்றால் உடம்பின் தயமின், அதாவது பி1, இருப்பு தீர்ந்துவிடும். அப்போது வெறும் குளுக்கோஸ் ஏற்றினால், அதை எரிக்க மிச்சமிருக்கும் தயமினும் செலவாகி மூளை அடிபடும். இரட்டையாகத் தெரிவது, தள்ளாட்டம், குழப்பம் என்று தொடங்கும். குளுக்கோஸுக்கு முன்னால் 100 மில்லிகிராம் தயமின் ஊசி போட வேண்டும். எத்தனை நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை என்பதை பாட்டில் மாட்டும் முன் நர்ஸிடம் சொல்லிவிடுங்கள்.

மாத்திரைகளைச் சேர்த்து விழுங்காதீர்கள். கால்சியம் இரும்பை உள்ளே விடாது. காலை, மதியம் சாப்பாட்டோடு கால்சியம். இரவு சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துச் சிவப்பு மாத்திரை, தண்ணீரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ, டீயில் வேண்டாம். மலம் கறுத்துப் போவது இரும்பால். தார்போல் பிசுபிசுத்து நாற்றமடித்தால் அன்றைக்கே காட்ட வேண்டும்.