ஹோடினோஷோனி: நீள்வீட்டு மக்கள்

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் நாலாம் வகுப்புப் பிள்ளைகள் சமூக அறிவியலில் ஒரு பூர்வகுடி மக்களைப் பற்றிப் படிக்கிறார்கள். பழைய புத்தகங்கள் அந்த மக்களை இரொக்குவா என்றே எழுதின. இப்போதைய பாடத்திட்டம் ஹோடினோஷோனி என்ற பெயரை முன்னால் வைத்து, இரொக்குவாவை அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கிறது. இந்தப் பாடத்தைத் தமிழில் சொல்ல வரும் ஆசிரியரோ பெற்றோரோ எந்தப் பெயரைப் பிடித்துக்கொள்வது? ஹோடினோஷோனியைத்தான். அந்த ஒரு சொல்லை ஒழுங்காகப் பிரித்துக் காட்டினாலே பாதிப் பாடம் முடிந்துவிடும்.

இரொக்குவா என்பது அவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர் அல்ல. 1603-இல் பிரெஞ்சுப் பயணி சாம்ப்ளேன் அதை எழுதிவைத்தார். அவர் யாருடன் பழகினாரோ அவர்கள் இந்த மக்களின் எதிரிகள். சொல்லின் வேர் எது என்பதில் அறிஞர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. பாம்பைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது என்று ஒரு விளக்கம். மீன்பிடிக்க வந்த பாஸ்க் மாலுமிகளின் பேச்சில் ‘கொலைகாரர்’ என்ற பொருளில் வந்தது என்று இன்னொன்று. எப்படிப் பார்த்தாலும் அடுத்தவர் சூட்டிய பெயர். அவர்களுடைய லக்ரோஸ் விளையாட்டு அணிகூட இரொக்குவா என்பதைத் தன் பெயரிலிருந்து 2022-இல் எடுத்துவிட்டது.

ஹோடினோஷோனி அவர்களே தங்களைச் சொல்லிக்கொள்வது. நடுவில் வரும் ‘நோஷ்’ வீட்டைக் குறிக்கிறது. கடைசிப் பகுதி கட்டுவதைக் குறிக்கிறது. நீண்ட வீட்டைக் கட்டுகிறவர்கள், அதில் வாழ்கிறவர்கள் என்று பொருள். ஆங்கில எழுத்துகளைப் பார்த்து ‘ஹௌடெனோசௌனீ’ என்று படிக்க வேண்டியதில்லை. ‘ஷோ’வில் சற்று அழுத்தம் கொடுத்து ஹோ-டி-நோ-ஷோ-னி என்று சொன்னால் சரியாக வரும்.

அந்த வீட்டைப் பிள்ளைகளுக்கு நிதானமாகக் காட்ட வேண்டும். இளமரங்களை வளைத்துக் கட்டிய சட்டம், அதன் மேல் எல்ம் மரப்பட்டை. மரத்தில் சாறு ஏறும் இளவேனிலில்தான் பட்டை சுலபமாக உரியும்; உரித்ததைப் பாரம் வைத்துத் தட்டையாக்கிக் கட்டுவார்கள். அகலம் ஏறக்குறைய 6 மீட்டர். நீளத்துக்குத்தான் கணக்கில்லை, 60 மீட்டரைத் தாண்டிய வீடுகளும் இருந்தன. நடுவே நெடுக நடைபாதை, அதில் வரிசையாக அடுப்புகள், ஒவ்வொரு அடுப்புக்கும் மேலே புகை போகக் கூரையில் திறப்பு. ஓர் அடுப்பை எதிரெதிரே வசிக்கும் இரண்டு குடும்பங்கள் பகிர்ந்துகொள்ளும். மேலே பின்னல் பின்னலாக மக்காச்சோளக் கதிர்கள் தொங்கும்.

வீடு ஏன் நீண்டது என்று பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். கல்யாணம் ஆனால் பெண் வீட்டைவிட்டுப் போவதில்லை, மாப்பிள்ளைதான் வந்து சேருவான். நம் ஊரில் வீட்டோடு மாப்பிள்ளை என்றால் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள்; அங்கே அதுதான் முறை. பிள்ளைகள் தாயின் குலம்: கரடி, ஓநாய், ஆமை போன்றவை. குடும்பம் பெருகினால் வீட்டின் முனையில் இன்னொரு பகுதியைச் சேர்த்துக் கட்டிவிடுவார்கள்.

ஆனால் பெயரில் உள்ள வீடு இது மட்டுமல்ல. ஒன்றோடொன்று சண்டையிட்டுக்கொண்டிருந்த ஐந்து நாடுகளை, அமைதி உண்டாக்கியவர் என்று மட்டுமே அவர்கள் குறிப்பிடும் ஒருவரும் ஹயவாதாவும் சேர்ந்து ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்தார்கள் என்பது அவர்களின் வரலாறு. இன்றைய நியூயார்க் நிலப்பரப்பே அந்தக் கூரையின் கீழுள்ள வீடு. மோஹாக் கிழக்கு வாசலைக் காப்பவர்கள், செனகா மேற்கு வாசலைக் காப்பவர்கள். நடுவில் ஒனோண்டாகா, நெருப்பைக் காப்பவர்கள். இடையில் ஒனைடாவும் கயூகாவும். 1722-இல் தெற்கிலிருந்து வந்த டஸ்கரோரா சேர, ஐந்து ஆறானது. இப்படிப் புதிதாக ஒன்றைச் சேர்ப்பதைக் கூரையின் கைமரத்தை நீட்டுவது என்றே அவர்கள் பேச்சில் சொல்வார்கள்.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘நெடுமனை’ என்று எழுதத் தோன்றும். அழகான சொல்தான், ஆனால் பழந்தமிழில் நெடுமனை, நெடுநகர் என்றால் உயர்ந்த மாளிகை நினைவுக்கு வரும். இது உயரத்தால் பெயர் பெற்ற வீடு இல்லை. ‘நீள்வீடு’ என்பது சின்னப் பிள்ளைக்கும் புரியும், பொருளும் தவறாது. ஆகவே பெயர் ஹோடினோஷோனி, அதன் பொருள் நீள்வீட்டு மக்கள். பெயர்ச்சொல்லை மொழிபெயர்த்து மறைத்துவிடக் கூடாது; இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கூட இன்னும் சில சொற்கள். ‘செவ்விந்தியர்’ வேண்டவே வேண்டாம், பூர்வகுடி மக்கள் போதும். ஆறையும் ‘பழங்குடிகள்’ என்பதைவிட ‘நாடுகள்’ என்பதே நேர்மை. அவர்கள் சொந்தக் கடவுச்சீட்டே வழங்குகிறார்கள். 2010-இல் பிரிட்டன் அதை ஏற்காததால் அவர்கள் லக்ரோஸ் அணி உலகப் போட்டிக்கே போக முடியவில்லை. குலத்தின் மூத்த பெண்ணைக் ‘குலத்தாய்’ எனலாம். தலைவரைத் தேர்ந்து நிறுத்துவது அவர்தான். தலைவர் பதவிக்கு அடையாளம் மான்கொம்பு. எச்சரித்தும் திருந்தாத தலைவரின் கொம்பை எடுத்துவிடும் உரிமையும் அவருக்கே.

இரொக்குவா என்ற பழைய சொல்லுக்கு ஓரிடம் மட்டும் மிச்சம் இருக்கிறது: மொழிக்குடும்பத்தின் பெயர். செரோக்கி மொழியும் அந்தக் குடும்பம்தான், ஆனால் செரோக்கியர் ஹோடினோஷோனி அல்ல. கனடா என்ற பெயரும் இக்குடும்பத்து மொழி ஒன்றில் ஊரைக் குறிக்கும் ‘கனதா’விலிருந்து வந்தது. டொரன்டோ, தண்ணீரில் மரங்கள் நிற்கும் இடம் என்ற மோஹாக் சொல். டொரன்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் வளரும் நம் பிள்ளைகளுக்கு இந்தப் பாடத்தை இங்கிருந்தே தொடங்கலாம். அங்கிருந்து காரில் போகும் தூரத்தில், பிராண்ட்ஃபோர்டு பக்கம், கிராண்ட் ஆற்றங்கரையில் ஆறு நாடுகளின் மக்கள் இன்றும் வாழ்கிறார்கள். அதனால் ‘வாழ்ந்தார்கள்’ என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள்.

செய்முறைக்கு முகமூடி செய்யச் சொல்வது சில வகுப்புகளில் வழக்கம். அது வேண்டாம், அவர்களுடைய முகமூடிகள் சடங்குக்குரியவை, காட்சிக்கு வைப்பதையே அவர்கள் விரும்புவதில்லை. அதற்குப் பதில் மூன்று சகோதரிகள் என்று அவர்கள் சொல்லும் மக்காச்சோளம், பீன்ஸ், பூசணியைப் பயிரிட வைக்கலாம். மண்ணைக் குவித்து முதலில் சோளம். அது ஒரு சாண் வளர்ந்ததும் சுற்றிலும் பீன்ஸ், அப்புறம் ஓரத்தில் பூசணி. பீன்ஸ் கொடி சோளத்தண்டைப் பிடித்து ஏறும், பூசணி இலை மண் காயாமல் மூடிக்கொள்ளும்.