வயிற்று வலி என்றுதான் சொல்வான்

அதிகாலை நான்கு மணிக்கு என் அக்காள் மகன் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டான். வயது 14. முந்தைய இரவு சாப்பிட்ட பரோட்டாதான் காரணம் என்று முடிவு செய்து அக்காள் ஓமத் தண்ணீர் கொடுத்தாள். ஐந்து மணிக்கு அதுவும் வாந்தியாக வெளியே வந்துவிட்டது. ஆறு மணிக்கு நான் போய்ச் சேர்ந்தபோது அவன் முழங்கால்களை மடக்கிச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். கழிப்பறைக்குப் போக எழுந்தவன், தொடைகள் ஒன்றோடொன்று உரசிவிடாதபடி கால்களை அகட்டி வைத்து மெல்ல நடந்தான். அந்த நடையைப் பார்த்ததும்தான் எனக்குச் சந்தேகம் தட்டியது.

அவனுக்கு வந்திருந்தது விதை முறுக்கம்: விதைப்பைக்குள் விதை தொங்கும் வடம் முறுக்கிக்கொண்டு ரத்த ஓட்டம் அடைபடுவது. 25 வயதுக்கு உட்பட்ட ஆண்களில் ஏறத்தாழ 4,000 பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் ஆண்டுதோறும் இது வருகிறது. 12 வயது முதல் 18 வயது வரை மிகுதி. ஆறு மணி நேரத்துக்குள் சரிசெய்தால் பெரும்பாலும் விதையைக் காப்பாற்றிவிடலாம். 12 மணி நேரம் ஆனால் வாய்ப்பு பாதியளவுக்கு இறங்குகிறது. 24 மணி நேரத்துக்குப் பிறகு காப்பாற்றப்படுவது அரிது. இவ்வளவு குறுகிய அவகாசத்தில் பாதியை நோய் தின்பதில்லை, கூச்சம் தின்கிறது. ஆகவே உடலுக்குள் என்ன நடக்கிறது என்பதோடு, அந்தப் பையனின் மனத்துக்குள் என்ன நடக்கிறது என்பதையும் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்.

விதைப்பைக்குள் ஒவ்வொரு விதையும் ஒரு வடத்தில் தொங்குகிறது. ரத்தம் கொண்டுவரும் தமனி, அதைத் திருப்பி எடுத்துச் செல்லும் சிரைகள், நரம்புகள், விந்து செல்லும் குழாய் எல்லாம் அந்த வடத்துக்குள்தான் ஓடுகின்றன. பெரும்பாலோருக்கு விதையின் பின்பக்கம் பையின் சுவரோடு ஒட்டியிருப்பதால் அது சுழல முடியாது. சிலருக்கு மட்டும், விதையைச் சுற்றியுள்ள சவ்வு பின்பக்கத்தையும் சேர்த்து மேலே வடம் வரை முழுவதுமாக மூடிவிடுகிறது. அப்போது விதை எதையும் பற்றாமல், கோயில் மணியின் நாக்கு போலத் தனித்துத் தொங்கும். மருத்துவர்களும் இந்த அமைப்பை மணி நாக்கு என்றே அழைக்கிறார்கள். பிறவியிலேயே இருக்கும் இந்த அமைப்பு பருவ வயது வரை தொல்லை தராமல் இருந்துவிட்டு, விதை வேகமாகப் பருத்து எடை கூடும் ஆண்டுகளில் ஆபத்தாகிறது. வடத்தைச் சுற்றியுள்ள தசை குளிரிலோ, உறக்கத்திலோ, ஓடி விளையாடும்போதோ வெடுக்கென்று சுருங்கினால், கிணற்றுக் கயிறு முறுக்கிக்கொள்வது போல வடம் முறுக்கிக்கொள்கிறது.

முறுக்கு விழுந்ததும் முதலில் நசுங்குவது மெல்லிய சுவருடைய சிரை. தமனி அழுத்தமாக ரத்தத்தை அனுப்பிக்கொண்டே இருக்க, வந்த ரத்தத்துக்குத் திரும்பிப் போக வழி இருப்பதில்லை. விதை வீங்கி இறுகுகிறது. அந்த இறுக்கத்தில் கடைசியாகத் தமனியும் அடைபடுகிறது. அதன் பிறகு ஆக்சிஜன் இல்லாமல் திசு சாகத் தொடங்குகிறது.

இவ்வளவும் விதைப்பைக்குள் நடக்கும்போது, பையன் ஏன் வயிறு என்கிறான்? அவன் சொல்வதில் பாதி உண்மை. கருவில் விதைகள் உருவாவது சிறுநீரகங்களுக்கு அருகில், வயிற்றுக்குள். பிறப்பதற்கு முந்தைய மாதங்களில்தான் அவை ரத்தக் குழாய்களையும் நரம்புகளையும் தங்களோடு இழுத்துக்கொண்டு கீழே இறங்குகின்றன. அந்தப் பழைய நரம்புத் தொடர்பு அறுவதில்லை. விதையில் எழும் வலி, தொப்புளைச் சுற்றியுள்ள பகுதியின் நரம்புகள் சேரும் அதே மட்டத்தில் தண்டுவடத்துக்குள் நுழைவதால், மூளை அதை வயிற்று வலியாகவும் உணர்கிறது; குமட்டலும் வாந்தியும் கூடவே வருகின்றன.

மற்றப் பாதி, சொல் இல்லாத குறை. நம் வீடுகளில் கைக்குழந்தையிடம் கொஞ்சிப் பேசும்போது அந்த உறுப்புகளுக்குச் செல்லப் பெயர் உண்டு. பள்ளிப் பாடப்புத்தகத்தில் விந்தகம் என்ற சொல் உண்டு. தெருவில் வசைச் சொல் உண்டு. பதினான்கு வயதுப் பையன் தன் அம்மாவிடம் கூசாமல் சொல்லக்கூடிய சொல் மட்டும் கிடையாது. ஆகவே அருகில் இருக்கும் கௌரவமான உறுப்பின் பெயரைச் சொல்லிவிடுகிறான்.

இந்தக் கூச்சத்தை வளர்ப்புக் குறை என்றோ, வீண் பிடிவாதம் என்றோ எண்ணுவது தவறு. அமெரிக்க உளவியலாளர் டேவிட் எல்கைண்ட் 1967-ல் இதை விளக்கினார்: வளரிளம் பருவத்தினர் தங்களைச் சுற்றி எப்போதும் ஒரு கூட்டம் நின்று கவனித்துக்கொண்டிருப்பதாக உணர்கிறார்கள். அதற்குக் கற்பனைப் பார்வையாளர் என்று பெயரிட்டார். 2013-ல் வெளியான ஓர் ஆய்வில் 8 வயது முதல் 22 வயது வரையிலான 69 பேரை மூளை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து, அவர்கள் வயதையொத்த ஒருவர் கேமரா வழியாக அவர்கள் முகத்தைப் பார்ப்பதாகச் சொன்னார்கள். உண்மையில் யாரும் பார்க்கவில்லை. இருந்தும் வளரிளம் பருவத்தினருக்குக் கூச்சம் கூடியது, தோலில் வியர்வை கூடியது, தன்னைப் பற்றி எண்ணும்போது இயங்கும் நெற்றிக்குப் பின்னாலுள்ள மூளைப் பகுதியும் சுறுசுறுப்பானது. முகத்தைப் பார்ப்பதற்கே இந்தப் பாடு என்றால், கால்சட்டையைக் கழற்றச் சொல்லும்போது அந்தப் பையனுக்குள் என்ன நடக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

அன்று காலை அவன் அப்பா, "ஆம்பளப் பையனுக்கு என்னடா வெக்கம், கெளம்பு" என்று அதட்டினார். அதட்டியதும் அவன் போர்வையை இன்னும் இறுக்கிக்கொண்டான். தன் விருப்பத்தின் மேல் யாரோ கைவைப்பதாகத் தோன்றினால் மனிதன் அந்த விருப்பத்தையே இன்னும் கெட்டியாகப் பற்றிக்கொள்வான் என்று உளவியலாளர் ஜாக் பிரேம் 1966-ல் கோட்பாடாகவே எழுதியிருக்கிறார். பதின்ம வயதில் இது இரட்டிப்பாக வேலை செய்யும். பின்னால் குழந்தை பிறக்காது, கல்யாணம் நடக்காது என்று மிரட்டுவதும் அப்படித்தான். அச்சம் ஏற ஏற அவன் யோசிக்கும் திறன் சுருங்கி, படுத்த இடத்திலேயே கிடக்கத்தான் தோன்றும்.

நான் எல்லாரையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினேன். அவன் முகத்தைப் பார்க்காமல் கட்டில் ஓரத்தில் பக்கவாட்டில் உட்கார்ந்துகொண்டேன்; எதிரில் இரண்டு கண்கள் இல்லாதபோது கற்பனைப் பார்வையாளர் கூட்டத்திலும் ஓர் ஆள் குறைகிறது.

"வலி வயித்துலயா, அதுக்கும் கீழயாடா?"

நெடுநேரம் பதில் இல்லை. பிறகு, "கீழ. எடது பக்கம். அம்மாகிட்ட சொல்லாதீங்க மாமா."

"விதையிலயா?"

தலையசைத்தான். அந்தச் சொல்லை நான் சொன்னது அவனுக்கு ஒரு சுமையை இறக்கிவைத்தது போலிருந்தது.

மருத்துவமனைக்குப் போகலாமா வேண்டாமா என்பதை நான் அவன் விருப்பத்துக்கு விடவில்லை. இதில் தேர்வு கிடையாது. இருப்பதாகப் பாவனை செய்தால் பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள். ஆனால் மற்ற எல்லாவற்றையும் அவனிடம் விட்டேன்: உள்ளே யார் கூட வர வேண்டும், நான் திரைக்கு அந்தப் பக்கம் நிற்க வேண்டுமா, டாக்டரிடம் நான் பேசட்டுமா, அவனே பேசுகிறானா. அம்மா உள்ளே வரக் கூடாது என்பது அவன் போட்ட ஒரே நிபந்தனை. ஒப்புக்கொண்டேன். உள்ளே என்ன நடக்கும் என்பதையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். தெரியாத ஒன்றுக்குப் படும் அச்சம்தான் மிகப் பெரியது. சோதனை இரண்டு மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும், வேண்டிய இடம் தவிர மற்றதைத் துணியால் மூடியிருப்பார்கள் என்று தெரிந்ததும் அவன் மூச்சு கொஞ்சம் சீரானது. பையன்கள் வாய்விட்டுக் கேட்காத ஒரு பயத்தையும் நானே எடுத்துச் சொன்னேன்: தொடும்போது உறுப்பு விறைத்துவிட்டால் என்ன செய்வது? அது தண்டுவடம் தானாகச் செய்யும் அனிச்சைச் செயல், ஆசையோடு தொடர்பில்லாதது, மருத்துவர்கள் அதைப் பொருட்படுத்துவதில்லை.

கிளம்பும்போது அக்காள் காபி நீட்டினாள். மயக்க மருந்து கொடுக்க வேண்டியிருக்கலாம் என்பதால் சொட்டுத் தண்ணீர்கூட வேண்டாம் என்று தடுத்தேன். மருத்துவமனையின் வரவேற்பில் இருந்தவர் பத்துப் பேர் காதில் விழும்படி, "பையனுக்கு என்ன பிரச்சினை?" என்று கேட்டார். அவன் என் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டான். இதை எதிர்பார்த்து, 'திடீர் விதை வலி, காலை 4 மணி முதல், வாந்தி ஒரு முறை' என்று ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன். அதைக் கொடுத்ததும் மறு கேள்வி இல்லாமல் அவசரப் பிரிவுக்கு அனுப்பினார்கள்.

இந்தச் சோதனையை ஏன் தவிர்க்க முடியாது என்பதற்கு ஓர் எளிய கணக்கு இருக்கிறது. 2013-ல் வெளியான ஒரு மதிப்பெண் முறையை மருத்துவர்கள் பயன்படுத்துகிறார்கள். விதை வீங்கியிருந்தால் 2, கல் போல இறுகியிருந்தால் 2, மேலே ஏறி நின்றால் 1, தொடையைத் தீண்டும்போது ஏற்பட வேண்டிய அனிச்சைச் செயல் இல்லாவிட்டால் 1, குமட்டலோ வாந்தியோ இருந்தால் 1. மொத்தம் 7. இதில் வாயால் சொல்லித் தெரிந்துகொள்ளக்கூடியது வாந்திக்கான ஒரே மதிப்பெண்தான். மீதி ஆறும் துணிக்குப் பின்னால் இருக்கின்றன. கண்ணால் பார்த்து, கையால் தொட்டுத்தான் எடுக்க முடியும். மொத்தம் ஐந்தோ அதற்கு மேலோ வந்தால் முறுக்கமாக இருக்க மிகுந்த வாய்ப்பு உண்டு என்று கொள்கிறார்கள்.

அந்தத் தொடைச் சோதனை பார்க்கவே வியப்பானது. உள்தொடையை விரலால் மெல்லக் கோடிழுப்பது போல வருடினால், அந்தப் பக்கத்து விதை தானாக மேலே ஏறி இறங்கும். விதைக்கு உடலின் உள்வெப்பத்தைவிட இரண்டு முதல் நான்கு டிகிரி குறைவான வெப்பம் வேண்டும்; குளிர்ந்தால் மேலே இழுத்துக்கொள்ளவும், சூடானால் தொங்கவிடவும் கிரிமாஸ்டர் என்ற தசை இருக்கிறது. வருடலின் செய்தி இடுப்புப் பகுதித் தண்டுவடத்துக்குப் போய், மூளையைக் கேட்காமலே அந்தத் தசையைச் சுருக்குகிறது. வடம் முறுக்கிக்கொண்டால் இந்த அசைவு பெரும்பாலும் நின்றுவிடுகிறது. அவனுக்கு வலப்பக்கம் அசைந்தது, இடப்பக்கம் அசையவில்லை.

பிறகு டாப்ளர் ஸ்கேன். கிறிஸ்டியன் டாப்ளர் 1842-ல் விண்மீன்களின் ஒளியை எண்ணிச் சொன்ன விதிதான்: நம்மை நோக்கி வரும் ஆம்புலன்ஸின் ஒலி கூர்மையாகவும், விலகிச் செல்லும்போது தணிந்தும் கேட்பது போல, ஓடும் ரத்த அணுக்களில் பட்டுத் திரும்பும் ஒலியும் மாறுகிறது. அந்த மாற்றத்தைக் கருவி நிறமாகக் காட்டும். வலப்பக்கம் சிவப்பும் நீலமுமாக மினுங்கியது. இடப்பக்கம் வெறும் சாம்பல் நிறம். அறிகுறிகள் தெளிவாக இருந்தால் ஸ்கேனுக்குக்கூடக் காத்திராமல் அறுவைக்குக் கொண்டுபோவதும் உண்டு. அரைகுறையாக முறுக்கிய வடத்தில் கொஞ்சம் ரத்தம் ஓடிக்கொண்டே இருந்து படம் நம்மை ஏமாற்றலாம்.

எட்டரை மணிக்கு அறுவை தொடங்கியது. முறுக்கைப் பிரித்தபோது விதை கருநீலமாக இருந்ததாக அறுவை மருத்துவர் பிறகு சொன்னார். வெதுவெதுப்பான உப்புநீரில் நனைத்த துணியால் அதைச் சுற்றிவைத்துக் காத்திருந்திருக்கிறார்கள். சில நிமிடங்களில் நிறம் திரும்பியிருக்கிறது. திரும்பாவிட்டால் அகற்ற வேண்டியதுதான். அப்போதும் மற்றொரு விதை நன்றாக இருந்தால் ஹார்மோனுக்கும் தந்தையாவதற்கும் அது பெரும்பாலும் போதும் என்பதைப் பெற்றோரும் பையனும் அறிந்திருப்பது நல்லது. பிழைத்த விதையைப் பையின் சுவரோடு தைத்துவிட்டு, நோயில்லாத வலப்பக்கத்தையும் தைத்தார்கள். மணி நாக்கு அமைப்பு பெரும்பாலும் இரண்டு பக்கமும் இருக்கும் என்பதே காரணம்.

மறுநாள் படுக்கையில் சாய்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தவன், யாரும் கேட்காமலே ஒன்றைச் சொன்னான். இரண்டு மாதத்துக்கு முன்பு கால்பந்து ஆடிவிட்டு வந்தபோது இதே வலி, அரை மணி நேரத்தில் நின்றுவிட்டதாம். சில வாரம் கழித்து இன்னொரு முறை. இரண்டு முறையும் வடம் முறுக்கித் தானே பிரிந்திருக்கும், அப்போதே வந்திருந்தால் அவசரம் இல்லாமல் ஒரு நாள் குறித்துத் தைத்திருக்கலாம் என்றார் மருத்துவர். ஏன்டா சொல்லவில்லை என்று அக்காள் கேட்டாள். "சொன்னா காட்டச் சொல்வீங்கல்ல" என்றான்.