ராப் என்கிற சொல்லிசை

ராப்: தாளத்தின் மேல் சொற்களை அடுக்கி, எதுகையும் இயைபும் பிணைய, பேச்சுக்கும் பாட்டுக்கும் நடுவான நடையில் சொல்லிப்போகும் இசைவகை. ரெப் என்றும் எழுதுவதுண்டு. தமிழில் சொல்லிசை.

அகராதிக்கு இது போதும். அறுபதைத் தாண்டிய பிறகும் பேரப்பிள்ளைகள் கேட்பதைத் தானும் கேட்டு ரசிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவருக்கு இது போதாது. இலங்கை மலையகத்தில், ஹட்டனிலிருந்து மஸ்கெலியா போகும் பஸ்ஸிலும் தலவாக்கலை ஆட்டோக்களிலும் இப்போது ஒலிப்பதில் பாதி இந்த வகைதான். “மெட்டே இல்லையே தம்பி, இதை எப்படிக் கேட்கிறீங்க?” என்று எங்கள் வயதுக்காரர்கள் கேட்கிறார்கள். விளையாட்டாகக் கேட்கவில்லை, உண்மையாகவே புரியாமல் கேட்கிறார்கள். பதில் அந்தப் பெயருக்குள்ளேயே இருக்கிறது.

ஆங்கிலத்தில் ராப் என்றால் முதலில் தட்டுவது, பட்டென்று அடிப்பது. அடியின் ஓசையிலிருந்து பிறந்த ஒலிக்குறிப்புச் சொல். 14ஆம் நூற்றாண்டிலிருந்தே வழக்கில் உண்டு. பிறகு ஒன்றைச் சட்டென்று வெடுக்கெனச் சொல்வதையும் குறித்தது. 1960களில் அமெரிக்கக் கறுப்பின மக்களின் பேச்சில் மனம்விட்டுப் பேசுதல் என்ற பொருளில் புழங்கியது. நியூயோர்க்கின் பிரோங்ஸ் பகுதியில் 1973 ஆகஸ்ட் 11 அன்று நடந்த ஒரு விருந்தைத்தான், ராப் வளர்ந்த ஹிப் ஹொப் என்ற இசைப் பண்பாட்டின் பிறந்தநாளாகச் சொல்வார்கள். அங்கே இசைத்தட்டுகளை ஓட்டியவர் ஜமெய்க்காவில் பிறந்த டீஜே கூல் ஹேர்க். பாட்டில் பறை மட்டும் தனித்து ஒலிக்கும் பகுதியை அவர் நீட்டி நீட்டி ஒலிக்கவிட்டார். அந்த அடியின் மேல் ஏறிப் பேசும் பழக்கம் வளர்ந்து, பழைய சொல்லுக்குப் புதிய பொருளைத் தந்தது.

அடிப்பதைக் குறித்த சொல் சொல்வதையும் குறிக்கத் தொடங்குவது தமிழில் எப்போதோ நடந்துவிட்டது. அறைதல் என்றால் அடித்தல். அறைதல் என்றால் சொல்லுதலும் கூட. அறைகூவல் என்கிறோமே, அந்த அறைதான். பறை என்பது கருவி. பறைதல் என்றால் பேசுதல். யாழ்ப்பாணத்துப் பெரியவர்கள் “என்ன பறையிறாய்?” என்று இன்றும் கேட்பார்கள். கேட்ட இரகசியத்தை ஊரெல்லாம் சொல்லித் திரிகிறவரை “அறைபறை அன்னர்” என்கிறது 1076ஆம் குறள். அடிக்கப்படும் பறை பேசுகிறது என்பது வள்ளுவர் காலத்திலேயே ஊரறிந்த செய்தி.

மலையகத்தில் அந்தக் கருவி தப்பு. விடிவதற்கு முன் தப்படித்து ஆட்களைப் பெரட்டுக்குக் கூப்பிட்ட காலம் ஒன்று இருந்தது. (பெரட்டு என்பது காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிப்பது; ஆங்கிலத்தின் பரேட் தோட்டத்து நாவில் திரிந்த வடிவம், பெரட்டுக்களம் என்ற சொல் இன்றும் நிற்கிறது.) அந்தத் தப்புக்கு ஒரு வார்த்தையும் கிடையாது. ஆனாலும் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், படுத்திருந்தவருக்கு அது “எழும்பு, வேலைக்கு வா” என்றுதான் கேட்டது. காமன் கூத்திலும் திருவிழாவிலும் இழவு வீட்டிலும் அதே தப்பு வேறு வேறு அடியில் வேறு வேறு சேதி சொன்னது. தப்பின் அடிக்கு மேல் குரலை ஏற்றி வேகமாகச் சொல்லிக்கொண்டு போகிறவர்களைக் கேட்டு வளர்ந்த நாங்கள், ராப் நமக்கு ஒட்டாத சரக்கு என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. கோ. நடேசய்யரோடு தோட்டத் தொழிலாளர் இயக்கத்தில் உழைத்த மீனாட்சி அம்மையார், தொழிலாளர் படும் பாட்டைப் பாடல்களாகவே பாடிப் பரப்பினார். 1940இல் அவை நூலாகவும் வந்தன. சொல்ல வேண்டிய வழக்கு முதலில், இராகம் அதற்குப் பிறகு என்ற ஒழுங்கு எங்கள் மலைகளுக்குப் பழக்கமானதுதான்.

தமிழ்த் திரைப்பாட்டில் ராப் என்ற பெயரைப் பட்டிதொட்டியெல்லாம் கொண்டுபோனது 1994இல் வந்த ‘பேட்டை ராப்’. அதில் நாட்டுப்புறப் பாடகி தேனி குஞ்சரம்மாளின் குரலும் இருந்தது. 2000களில் மலேசியாவின் யோகி பி போன்றவர்களும் இலங்கை இளைஞர்களும் தமிழில் தனித் தொகுப்புகளே வெளியிட்டார்கள். 2021 மார்ச்சில் ‘என்ஜாய் எஞ்சாமி’ வந்தது. அதை எழுதிப் பாடிய சொல்லிசைக் கலைஞர் அறிவு என்பவரின் பாட்டி இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்து, பின் இந்தியா திரும்பியவர். இலங்கையும் இந்தியாவும் செய்த 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், இலங்கையில் வாழ்ந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எழுதிவைத்தது. பதுளையிலும் ஹட்டனிலும் இரயிலேறிப் போனவர்களை வழியனுப்பிய வீடுகள் எத்தனையோ. அவர்களின் பிள்ளைகளும் பேரர்களும் பாடும் பாட்டை எங்களை விட நெருக்கமாகக் கேட்க வேண்டியவர்கள் யார்?

இனி, சொல்லிசை. சொல் என்பதைப் பெயராக எடுத்தால் சொல்லால் ஆன இசை. வினையாக எடுத்தால் வினைத்தொகை: சொன்ன இசை, சொல்கின்ற இசை, சொல்லும் இசை. இரண்டும் பொருந்துகின்றன. இசை என்ற சொல்லுக்கும் ஓசை, புகழ் என்பவற்றோடு சொல் என்ற பொருளும் உண்டு; இசைத்தான் என்றால் சொன்னான். மூலச்சொல்லுக்குள் கிடந்த அடியும் பேச்சும் இந்தத் தமிழாக்கத்தில் நழுவவில்லை. இலங்கையில் 1970களில் நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் பாடிய பொப்புக்குத் துள்ளிசை என்று பெயர் வைத்தோம். அன்று எங்கள் பெரியவர்களும் “இதெல்லாம் ஒரு பாட்டா?” என்றுதான் கேட்டார்கள். துள்ளிசை என்ற பெயர் உடம்பைப் பற்றியது. சொல்லிசை என்ற பெயரோ எதைக் கேட்க வேண்டும் என்று காதுக்குச் சொல்லித் தருகிறது. நாங்கள் மெட்டைத் தேடி ஏமாறுகிறோம். இங்கே சொற்கள் மோதுவதும் மடங்குவதும்தான் மெட்டு.

இதில் வயதின் தடை இரண்டு உண்டு. பத்து வயதுக்கும் முப்பதுக்கும் இடையில் கேட்டவை மனதில் மற்றவற்றை விட ஆழமாகப் பதிகின்றன. அதற்குப் பின் வருவதெல்லாம் வேற்றாளாகத் தெரிகிறது. அடுத்தது காது. வயதோடு முதலில் மங்குவது கீச்சென்ற உயர்ந்த ஒலிகள். ச, த, க போன்ற வல்லின மெய்களைப் பிரித்தறிய உதவுவது பெரும்பாலும் அவைதான். எனவே வேகமான சொல்லிசையில் உயிரொலியும் அடியும் மட்டுமே எங்களுக்குக் கேட்கின்றன, சொல் கரைந்துவிடுகிறது. இரைச்சல் என்று தோன்றுவதற்கு ரசனைக் குறைவு காரணம் இல்லை. பாட்டின் வரிகளை முதலில் எழுத்தில் படித்துவிட்டு, அமைதியான அறையில் நல்ல இயர்போனில் கேட்டுப் பாருங்கள். கண் படித்த சொல்லைக் காது பிடித்துக்கொள்ளும். பேரப்பிள்ளையையே வரிகளை வாசித்துக் காட்டச் சொல்லலாம். அவர்கள் சந்தோஷமாகச் செய்வார்கள்.

பேரப்பிள்ளைகள் சொல்லும் துணைச்சொற்களுக்கும் தமிழ் தேடி அலைய வேண்டாம். பாடுகிறவர் சொல்லிசைஞர். பீட் என்பதற்குத் தப்புக்காரர்கள் சொல்லும் அடி இருக்கிறது. செய்யுளின் வரிக்கும் அடிதான் பெயர் என்பதால், ராப்பின் ஒரு வரியை ‘பார்’ (bar) என்று அவர்கள் சொல்வதும் அதிலேயே அடங்கும். ஃப்ளோ என்பதுதான் அவர்கள் அதிகம் வியக்கும் சொல்: சொற்கள் தடங்காமல் தாளத்தில் வழிந்தோடும் தன்மை. தொல்காப்பியச் செய்யுளியல் சொல்லும் 20 வண்ணங்களில், அதாவது செய்யுளின் ஓசை வகைகளில், ஒன்று ஒழுகு வண்ணம். “ஒழுகு வண்ணம் ஓசையின் ஒழுகும்” என்பது நூற்பா. அதே பட்டியலில் வேகமெடுத்து அடியெல்லையைத் தாண்டி ஓடும் முடுகு வண்ணமும் இருக்கிறது. ஃப்ளோவை ஒழுகு என்றும், மூச்சுவிடாமல் வேகமெடுக்கும் இடத்தை முடுகு என்றும் சொல்லலாம். “இந்த இடத்தில் முடுகு நல்லா இருக்கு” என்று பேரனிடம் ஒரு தாத்தா தயங்காமல் சொல்லலாம்.